பொடிக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி: டோனர் கார்ட்ரிட்ஜ் வடிவமைப்பு, ஓர் எளிய அறிமுகம்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தொடங்கி தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு வழியாக மண்ணடி வரை நடந்தால் பத்தடிக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வக்காலத்து, கஸ்டம்ஸ் பேப்பர், பத்திர நகல், ஆதார் நகல் என்று காலையில் ஓடத் தொடங்கும் இயந்திரம் இருட்டும்வரை நிற்பதில்லை. இந்தக் கடைகளுக்கு கார்ட்ரிட்ஜ் ரீஃபில் செய்து கொடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் புகார்கள் இரண்டு. ஒன்று: "நேத்துதான் ரொப்பினீங்க தம்பி, இன்னிக்கே ஒரு ஓரம் லைட்டா வருது." இன்னொன்று: "மிஷினுக்குள்ள பூரா கறுப்பா கொட்டிக் கெடக்குது."

முதல் கடைக்காரருக்குப் பொடி வரவில்லை. இரண்டாமவருக்கு வரக்கூடாத இடத்தில் வருகிறது. கேட்க நேரெதிராக இருந்தாலும், பல நேரங்களில் இரண்டுக்கும் காரணம் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றுதான். பொடியை எப்படி அனுப்புவது என்று யோசிக்கிற அதே அளவுக்குக் காற்றை எப்படி அனுப்புவது என்றும் யோசித்தால்தான் நல்ல கார்ட்ரிட்ஜ் அமையும். அந்த யோசனை எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

டோனர் என்னும் விசித்திரப் பொடி

டோனர் மை கிடையாது, பிளாஸ்டிக் தூள். ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் வகைப் பிசின்தான் அதில் பெரும்பகுதி. கறுப்பு நிறத்துக்குக் கார்பன் பிளாக் அல்லது இரும்பு ஆக்சைடு, சூடான உருளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் மெழுகு, மின்னேற்றம் சீராக இருக்க இன்னொரு சேர்மம். எல்லாம் கலந்த ஒரு துகளின் அளவு 5 முதல் 10 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய துகளுக்குத் தன் எடையைவிடப் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசைதான் பெரிது. சும்மா விட்டால் கட்டி தட்டிவிடும். அதனால் ஒவ்வொரு துகளின் மேலும் அதைவிட மிக நுண்ணிய சிலிக்காவைத் தூவியிருப்பார்கள். துகள்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடாமல் அது இடைவெளி விட்டு வைக்கும்.

புது கார்ட்ரிட்ஜை நாலு முறை குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடுவது போல ஒரு உணர்வு கையில் தெரியும். துகள்களுக்கு நடுவே காற்று புகுந்து, பொடி உப்பி, கிட்டத்தட்ட திரவமாகவே ஓடுகிறது. அதையே ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தால் ஆட்டமே இருக்காது. காற்று மெல்ல வெளியேறி, பொடி அமர்ந்து இறுகியிருக்கும். அந்தக் காற்று வெளியேற ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். அசைவில்லாத காற்றில் 7 மைக்ரான் டோனர் துகள் ஒன்று, அதன் அடர்த்தியைப் பொறுத்து, நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். ஒரு மீட்டர் விழ ஏழு முதல் பதினோரு நிமிடம். ரீஃபில் செய்யும்போது பறந்த தூசு மேசையில் படிய அவ்வளவு நேரம் ஆவது இதனால்தான்.

அமர்ந்த பிறகும் அது முழுப் பொடி ஆகிவிடாது. ஒரு டப்பா டோனரின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு துகள்களுக்கு இடையே உள்ள காற்றுதான். காசு கொடுத்து வாங்குவது பாதிக்கு மேல் காற்று. பிஸ்கட் கம்பெனிகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு குணமும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தமும் கூடிக்கொண்டே போகும். பொடியில் அப்படி இல்லை. தானியக் குதிர்களை ஆராய்ந்த ஜான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: ஒரு ஆழத்துக்குப் பிறகு மேலே உள்ள பொடியின் எடையை அடிப்பகுதி தாங்குவதில்லை, பக்கச் சுவர்களே உரசலால் தாங்கிவிடுகின்றன. டோனருக்கும் இது பொருந்தும். மேலே எவ்வளவு இருந்தாலும் அது கீழே உள்ளதைத் தள்ளிவிடாது. வெளியேறும் வாயின் மேல் வளைவுபோல் ஒரு பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். பாலத்துக்கு மேலே பொடி நிறைந்திருக்கும், கீழே காலி. அப்போது அச்சு வெளுத்து வரும். கழற்றித் தூக்கிப் பார்த்தால் கனமாகவே இருக்கும்.

உள்ளே பொடி போகும் பாதை

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் உலர் நகலை எடுத்தபோது, கண்ணாடித் தகட்டில் எழுதியதை மின்னேற்றிய கந்தகப் பூச்சின் மேல் பதித்து, லைகோபோடியம் என்னும் தாவரத் தூளைக் கையால் தூவினார். தூவி, ஊதி, அவ்வளவுதான். பிறகு வந்த பெரிய இயந்திரங்களில் பொடி நிரப்புவதும் சுத்தம் செய்வதும் பயிற்சி பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலையாகவே இருந்தது. 1982-இல் கேனான் தன் சிறிய காப்பியர்களில் டிரம் (நகலின் உருவம் முதலில் மின்னேற்றமாக விழும் உருளை), பொடித்தொட்டி, பொடியை எடுத்துத் தரும் உருளை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, தீர்ந்ததும் மொத்தமாகக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. 1984-இல் வந்த எச்.பி. லேசர்ஜெட்டுக்குள் இருந்ததும் கேனானின் இயந்திரம்தான். இன்று நம் கடைகளில் உழைக்கும் எச்.பி.யின் 12ஏ, 88ஏ கார்ட்ரிட்ஜ்கள் அந்த வம்சம்.

12ஏ-வைப் பிரித்தால் இரண்டு பாதியாக வரும். ஒரு பாதியில் டோனர் தொட்டி, அதாவது ஹாப்பர். அதன் வாயில் மேக்னடிக் ரோலர், ரோலரின் மேல் சாய்ந்திருக்கும் டாக்டர் பிளேடு. மறு பாதியில் டிரம், அதற்கு மின்னேற்றம் தரும் பி.சி.ஆர். ரோலர், டிரம்மில் மிஞ்சிய பொடியை வழிக்கும் வைப்பர் பிளேடு, அந்த மிச்சப் பொடி விழும் வேஸ்ட் பின். ஹாப்பருக்குள் ஒரு அச்சில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் கிளறி. அது பொடியை உருளையின் பக்கம் தள்ளுகிறது, உருளை காந்தத்தால் பொடியை இழுத்துப் பிடிக்கிறது, பிளேடு அதை மெல்லிய படலமாக வழித்துவிடுகிறது, டிரம்மில் எங்கே எழுத்து இருக்கிறதோ அங்கே மட்டும் பொடி தாவுகிறது.

தாளில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருந்தால் 12ஏ சுமார் 2000 பக்கம் தரும் என்பது கம்பெனிக் கணக்கு. அதில் போடும் பொடி நூறு கிராமுக்குச் சற்று முன்பின். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 50 மில்லிகிராம். கிளறி ஒரு பக்கத்துக்குத் தள்ள வேண்டியது இவ்வளவு சொற்பம்தான், ஆனால் ஏ4 தாளின் 21 சென்டிமீட்டர் அகலம் முழுக்க ஒரே சீராகத் தள்ள வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

அதனால் வடிவமைப்பாளர் ஹாப்பரின் அடிப்பகுதியைத் தட்டையாக விடுவதில்லை. கிளறி சுற்றும் வட்டத்துக்கு ஏற்ற வளைவாகச் செதுக்குவார். தகடு எட்டாத மூலை இருந்தால் அங்கே தங்கும் பொடி கடைசிவரை அங்கேயே கிடக்கும். தகடு மென்மையாக இருந்தால் இறுகிய பொடியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், விறைப்பாக இருந்தால் பொடியை அழுத்திக் கட்டியாக்கும், கியரும் திணறும். சில கிளறிகளின் தகட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் இருப்பதைப் பார்க்கலாம். ஓரங்களுக்கும் நடுவுக்கும் பொடி சமமாகப் போகட்டும் என்பதற்குத்தான். ஒரு ஓரம் மட்டும் வெளுத்தால், மேசை சரிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்களின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடைகளில் தரை மட்டமாக இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது காற்று

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் களக் களக் என்று விட்டு விட்டுக் கொட்டும். எதிர் மூலையில் இன்னொரு சின்ன ஓட்டை போட்டால்தான் ஒரே சீராக ஒழுகும். டோனர் தொட்டிக்கும் அடிப்படை இதுதான். பொடி போகும் இடத்தில் காற்று வர வேண்டும், பொடி வரும் இடத்திலிருந்து காற்று போக வேண்டும். அதற்குத் தனி வழி இல்லை என்றால் பொடியின் வழியையே காற்றும் பயன்படுத்தும். அப்போது ஒன்று பொடியைத் தடுக்கும், இல்லையென்றால் பொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இந்தக் காற்றழுத்தம் எங்கிருந்து வருகிறது? முதலில், நிரப்பும்போது. 400 மில்லி கொள்ளும் ஒரு காலித் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கும் கசிவே இல்லாமல் அதற்குள் 200 மில்லி டோனரைத் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். பொடிக்குள் இருக்கும் காற்றும் கூடவே வருகிறது என்பதை மறக்கக்கூடாது.

அடுத்து, சூடு. தாளில் பொடியை உருக்கி ஒட்டும் ஃபியூசர் 200 டிகிரியை ஒட்டி இயங்குகிறது. பக்கத்தில் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் அந்தச் சூடு எட்டும். உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் அடைத்த தொட்டியில் அழுத்தம் 6 முதல் 7 சதவீதம் உயரும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 20 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சீலின் மேல் அது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடை வைத்த மாதிரி. ராத்திரி இயந்திரம் ஆறும்போது இதற்கு நேர்மாறாக வெளிக்காற்றை, நம் ஊரில் என்றால் கடலோர ஈரத்தோடு, உள்ளே உறிஞ்சும்.

உருளையும் தன் பங்குக்குச் செய்கிறது. சுற்றும் எந்த உருளையும் தன் மேல் ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். வேகமாக ஓடும் பெரிய காப்பியர்களில் டிரம்முக்குப் பொடி கொடுக்கும் டெவலப்பர் யூனிட்டுக்குள் இப்படிப் புகும் காற்று கணிசமானது. வெளியேற வழி இல்லாவிட்டால் ரோலரின் இரு முனைகளிலும் இருக்கும், அழுத்திய இழையாலான ஃபெல்ட் சீலைத் தாண்டிப் புகைபோலப் பொடி கிளம்பும். "மிஷினுக்குள்ள கறுப்பா கொட்டிக் கெடக்குது" என்ற புகாருக்குப் பாதி நேரம் இந்த முனைகள்தான் காரணம்.

கடைசியாக, உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ராயபுரத்தில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்மி. விமானத்தின் சரக்கு அறையிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. இங்கே இறுக்கி மூடிய தொட்டி அங்கே போய்த் திறந்தால் புஸ்ஸென்று வரும். புது கார்ட்ரிட்ஜில் ஹாப்பருக்கும் ரோலருக்கும் நடுவே ஒட்டி, பயன்படுத்தும் முன் இழுத்து எறியச் சொல்லும் சீல் டேப், இந்தப் பயணக் காலத்தில்தான் பொடியைக் காப்பாற்றுகிறது.

வென்ட் (காற்றுத் துளை) எங்கே, எப்படி

சரி, ஒரு ஓட்டை போட்டுவிட்டால் தீர்ந்ததா? காற்று மெல்லப் போனால் துகள்கள் தாமாகக் கீழே விழுந்துவிடும், வேகமாகப் போனால் கூடவே போய்விடும். 200 மில்லி காற்றைப் பதினைந்து நொடியில் வெளியே அனுப்ப வேண்டும், ஆனால் மேலேறும் காற்றின் வேகம் நொடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றால், எட்டுக்கு எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு திறப்பு வேண்டும். சின்ன கார்ட்ரிட்ஜில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஆகவே சிறிய திறப்பு, அதன்மேல் காற்றை விட்டுப் பொடியை நிறுத்தும் வடிகட்டி. ஃபெல்ட், நுண்துளை ஃபோம், நெய்யாத இழைத்துணி ஆகியவை வழக்கமான பொருள்கள்.

வடிகட்டியிலும் ஒரு இழுபறி உண்டு. துளை பெரிதாக இருந்தால் பொடி கசியும். மிகச் சிறிதாக இருந்தால் காற்று திணறும், மேற்பரப்பில் பொடி அடைபோலப் படிந்து அதுவே இன்னொரு அடைப்பாகிவிடும். நல்ல வழி, துளையைச் சிறிதாக வைத்துப் பரப்பை முடிந்தவரை கூட்டுவது. பரப்பு கூடினால் ஒவ்வொரு இடத்திலும் காற்றின் வேகம் குறையும், பொடி ஒட்டும் வேகமும் குறையும்.

இடமும் முக்கியம். வென்ட் பொடி மட்டத்துக்கு மேலே, கூரையில், நிரப்பும் வாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நிரப்பும் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்தால் உள்ளே வரும் பொடிமேகம் நேராக அதில் போய் முட்டும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்துக் காற்றை வளைத்து அனுப்பினால் கனமான துகள்கள் திருப்பத்தில் விழுந்துவிடும். பெட்டியை லாரியில் தலைகீழாகத்தான் அடுக்குவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் வடிகட்டியைக் கூரையோடு கூரையாக வைக்காமல் ஒரு சின்னக் குழிக்குள் வைப்பதும், கிளறி ஒவ்வொரு சுற்றிலும் அதை லேசாகத் தட்டி உதறும்படி செய்வதும் நல்ல உத்திகள்.

கார்ட்ரிட்ஜை மாற்றாமல் பொடியை மட்டும் நிரப்பும் பிரிண்டர்களில் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகத் தெரியும். எச்.பி.யின் நெவர்ஸ்டாப் வகையில் பெரிய சிரிஞ்சு வடிவத்தில் ஒரு குப்பி வரும். வாயை பிரிண்டரில் பொருத்தித் திருப்பி, பிஸ்டனை அழுத்தினால் பொடி உள்ளே போகும். இறுகிய பொடியை பிஸ்டனால் தள்ள முடியாது. ஜான்சன் சொன்னபடி விசையெல்லாம் சுவருக்குப் போய்விடும், பொடி இன்னும் இறுகும். முதலில் நன்றாகக் குலுக்கி, காற்றேறித் திரவம்போல இருக்கும்போதே தள்ள வேண்டும். ஆனால் அப்படிக் காற்றேற்றிய பொடி கூடுதல் காற்றையும் சுமந்துகொண்டு தொட்டிக்குள் வருகிறதே! அதை வெளியே விட வழி இருந்தால்தான் பிஸ்டன் கடைசிவரை போகும். பாதியில் நின்று, பிடியை விட்டதும் மேலே எழும்பினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது முரட்டுத்தனமாக அழுத்தாமல் சில நொடி பொறுத்து மெல்லத் தள்ளுவதே சரி.

பெரிய காப்பியர்களின் டோனர் பாட்டில் வேறு வகை. உருளை வடிவ பாட்டிலின் சுவரிலேயே திருகுச் சுருள் இருக்கும். இயந்திரம் அதைப் படுக்க வைத்துச் சுழற்றும்போது பொடி வாயை நோக்கி நகரும். இதில் சிலவற்றில் வாயருகே ஒரு சின்னத் துருத்தி உண்டு. விரியும்போது அது வாய் வழியாகவே காற்றை உள்ளே இழுக்கிறது, இறுகிய பொடி தளர்கிறது. சுருங்கும்போது காற்றோடு சேர்த்து ஒரு சின்ன அளவு பொடியை வெளியே தள்ளுகிறது. இதுவரை எதிரியாக இருந்த காற்றையே வேலைக்காரனாக மாற்றிய இந்த ஏற்பாடுதான், நான் பார்த்த டோனர் வடிவமைப்புகளிலேயே புத்திசாலித்தனமானது.

ரீஃபில் மேசையில் இதெல்லாம்

12ஏ போன்றவற்றை நிரப்பச் சிலர் பக்கவாட்டு மூடியைத் திறப்பார்கள், சிலர் சால்டரிங் அயர்னால் ஹாப்பரில் ஒரு ஓட்டை போட்டு டேப் ஒட்டிவிடுவார்கள். இரண்டாவது முறை எனக்குப் பிடிப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக் சில்லு உள்ளே விழுந்தால் டாக்டர் பிளேடில் போய் மாட்டிக்கொண்டு பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு போடும். சூட்டில் டேப்பின் பசையும் இளகும். மூடி வழியாக நிரப்பும்போதுகூட புனலை வாயில் இறுக்கிச் செருகாமல் ஓரமாகக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாக வரும். பொடியும் குபுக்கென்று எதிர்த்து அடிக்காது.

"அதிகமாப் போட்டா அதிகப் பக்கம் வரும்" என்பது கடைக்காரர்களின் நியாயமான ஆசை. ஆனால் மேலே காற்றுக்கு இடமே விடாமல் ரொப்பினால் கிளறிக்குச் சுற்ற இடம் இருக்காது, பொடி இறுகும், சூட்டில் விரியும் காற்றுக்கு ரோலர் முனையைத் தவிர வேறு போக்கிடமும் இருக்காது. நிரப்பி மூடியதும் இடமும் வலமுமாக ஐந்தாறு முறை ஆட்டிவிட்டு, சில நிமிடம் கிடைமட்டமாக வைத்துவிட்டுப் போடுவது நல்லது. குலுக்கின உடனே போட்டால் காற்றேறிய பொடி பிளேடைத் தாண்டி வழியும், முதல் சில தாள்களில் பின்னணி கறுத்து வரும்.

டோனர் பிசின் 50 முதல் 65 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ, பூட்டிய வண்டியிலோ கிடந்த பொடி உருகாவிட்டாலும் துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அதை எந்தக் கிளறியாலும் உடைக்க முடியாது. கொட்டிய டோனரைத் துடைக்கக் குளிர்ந்த தண்ணீர் போதும். வெந்நீர் ஊற்றினால் துணியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வேக்யூம் கிளீனரையும் பயன்படுத்தாதீர்கள். சாதாரண வடிகட்டியில் நிற்காத அளவுக்கு நுண்ணிய தூள், காற்றில் அடர்ந்து பறந்தால் தீப்பிடிக்கவும் கூடியது.

ரீஃபில் செய்யும்போது பலர் மறப்பது வேஸ்ட் பின்னை. அதுவும் ஒரு தொட்டிதான், அதற்குள் பொடி வரவும் காற்று வெளியேற வேண்டும். அது நிறைந்துவிட்டால் வைப்பர் பிளேடு வழித்த பொடிக்குப் போக இடமில்லாமல் டிரம்மின் அடியில் சிந்தும். தாளின் பின்பக்கம் கறை விழும். ஹாப்பரைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அதையும் காலி செய்யுங்கள், அந்தப் பழைய பொடியைத் திரும்ப ஹாப்பரில் போடாமல். தாள்தூசும் மின்னேற்றம் செத்த துகள்களும் கலந்த பொடி அது.